கோடை முடிவில் ஆல்ப்ஸ் மலைக்குடில்கள்: விலங்குகளும் வானிலையும் (அனுபவப் பகிர்வு)

கூர்முகடு:
இத்தாலியின் கிரான் பாரடிசோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஒரு குடிலில் ஆகஸ்ட் இறுதியில் தங்கியிருந்தபோது கண்டது இன்னும் மனத்தை உறுத்துகிறது. விடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குடிலுக்கு மேலே இருந்த முகட்டில் ஐபெக்ஸ் எனப்படும் காட்டு மலையாட்டுக் கிடாக்கள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. வானம் தெளிவாகவே இருந்தது. தெற்கே மட்டும் ஒரு மேகம் கோபுரமாக எழுந்துகொண்டிருந்தது. திடீரென்று எல்லாக் கிடாக்களும் எழுந்து, எங்களைச் சிறிதும் பொருட்படுத்தாமல், கை நீட்டினால் தொடக்கூடிய தொலைவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கிச் சென்றன. கடைசிக் கிடா கடந்துபோன சிறிது நேரத்தில் என் ஊன்றுகோலின் நுனி தேனடைபோல் ரீங்கரிக்கத் தொடங்கியது; முன்கையில் மயிர் எழுந்து நின்றது. நாங்கள் குடில் வாசலை அடைவதற்குள் ஆலங்கட்டி கொட்டிவிட்டது. இடியை அவை முன்னதாகவே அறிந்திருந்தன என்றுதான் நான் நம்புகிறேன்.

பனிக்கோடு:
ஐயா, காட்சி அருமை, ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. ஐபெக்ஸ் கிடாக்களுக்கு வெயில் ஆகாது. பகல் வெப்பத்தில் உயரமான, காற்று வீசும் இடங்களில் படுத்திருந்துவிட்டு, குளிர்ந்ததும் புல் இருக்கும் சரிவுகளுக்கு இறங்குவதே அவற்றின் கோடைக்கால வழக்கம். இடிமேகம் வருமுன் குளிர்காற்று வீசும், அது போதும். நான் வேறொரு குடிலில் மேகமே இல்லாத மாலையிலும் அவை அவ்வாறே இறங்கக் கண்டிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையால் ஏறத்தாழ நூறாகக் குறைந்து, அந்த ஒரே மலைத்தொகுதியில் மட்டும் எஞ்சியிருந்த விலங்கு அது. 1856இல் அரசரின் வேட்டைக்காடாகவும் 1922இல் தேசியப் பூங்காவாகவும் அந்த நிலம் காக்கப்பட்டதால்தான் இன்று நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அத்தகைய விலங்குக்கு இல்லாத சோதிட அறிவை ஏற்றிப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

சரளைப்பாதை:
நான் மார்மொட் பற்றி, அதாவது வளையில் வாழும் பெரிய மலை அணில் பற்றி, எழுத வந்தேன். குடில் திண்ணைக்குக் கீழே இருந்த புல்வெளியில் அவை கொழுத்துப் புரண்டுகொண்டிருந்தன. அக்டோபரில் வளைக்குள் போனால் ஏறத்தாழ ஆறு மாதம் வெளியே வராத உயிர்கள், கோடை முடிவில் அப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு கூரிய சீழ்க்கை கேட்டது. புல்வெளி முழுவதும் வெறுமையானது. ஒரு குட்டி மட்டும் வளை வாயில் தயங்கி நின்றது. பொன்கழுகு மேலிருந்து பாயவில்லை. சரிவை ஒட்டி, எங்கள் கண்மட்டத்துக்கும் கீழே, தரையோடு தரையாக வந்தது. இறக்கை புல்லை உரசும் ஓசை எனக்குக் கேட்டது. கழுகு போன பிறகு அந்த வளை வாயில் எதுவும் இல்லை. குட்டி உள்ளே போனதா, கழுகோடு போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உடனிருந்தவர்கள் இருவகையாகவும் சொன்னார்கள்.

பனிக்கோடு:
ஒற்றைச் சீழ்க்கை என்றால் வானத்து எதிரி, தொடர் சீழ்க்கை என்றால் தரையில் நரி என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அது பொதுப்போக்கே தவிர விதி அல்ல. ஆபத்தின் நெருக்கத்தைப் பொறுத்தும் குரல் மாறும்.

சரளைப்பாதை:
நான் அதைக் கேட்கவில்லை, அண்ணா.

ஈரப்பாறை:
என் அனுபவம் சிறியது. இரவெல்லாம் மழை பெய்து, விடியலில் தூறலாகக் குறைந்திருந்தது. குடிலிலிருந்து இறங்கும் பாதையில் கறுப்பு வேர்த்துண்டு என்று நினைத்துத் தாண்டப் போனது நகர்ந்தது. பிறகுதான் பாதை முழுவதும் ஆல்ப்ஸ் கருஞ்சாலமாண்டர்கள் (பல்லி வடிவத்தில், தவளை இனத்தோடு உறவுடைய உயிர்கள்) என்பது தெரிந்தது. நீர்நிலையைத் தேடாமல் நிலத்திலேயே குட்டி ஈனும் உயிர் அது. சினைக்காலம் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை நீளும். பெரும்பாலும் இரண்டே குட்டிகள். அவ்வளவு காலம் சுமந்ததை ஒரு காலணி அரை நொடியில் முடித்துவிடும் என்ற எண்ணத்தில், முதல் வளைவு வரை ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். பின்னால் வந்த குழுவினர் சலித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் கீழே பார்க்கவே இல்லை. அந்தச் சலிப்பொலிதான் எனக்கு இன்னும் கேட்கிறது.

இடிமுழக்கம்:
நானும் ஒருமுறை முகட்டில் ஊன்றுகோல் ரீங்கரிக்கக் கேட்டிருக்கிறேன். ஓடி இறங்கித் தப்பித்தேன். கதை அவ்வளவுதான். ஆனால் கூர்முகடு அவர்களின் பதிவைப் படித்த பின் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரீங்காரம் என்பது எச்சரிக்கையின் தொடக்கம் அல்ல, முடிவு. கூரிய நுனிகளிலிருந்து மின்னேற்றம் காற்றில் கசியத் தொடங்கிவிட்டது என்று பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, இடைவெளி முப்பது நொடிக்குக் குறைந்தால் முகட்டை விட்டுவிட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரமாவது மீண்டும் ஏறக் கூடாது. உலோகம் மின்னலை இழுக்கும் என்று ஊன்றுகோலை வீசுவதில் நேரத்தைச் செலவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முகட்டில் நீங்கள் உயர்ந்து நிற்பதுதான் பெரிய ஆபத்து. மழைக்காக ஆழமற்ற பாறைப் பொந்துக்குள் ஒடுங்குவது இன்னும் மோசம், ஏனெனில் தரையில் ஓடும் மின்சாரம் பொந்தின் வாயைத் தாண்டிப் பாயும்போது உங்கள் உடல் அதற்குப் பாலமாகிவிடும். இறங்கவே வழியில்லாவிட்டால் கால்களைச் சேர்த்துவைத்துக் குந்தியிருங்கள். கால்கள் அகன்றிருந்தால் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு கூடும். குழுவாக இருந்தால் விலகி அமருங்கள். உதவி கேட்க வேண்டியிருந்தால், ஆல்ப்ஸில் நிமிடத்துக்கு ஆறு முறை ஒளியோ ஒலியோ காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை வந்தால் அது பதில். இவற்றைவிட எளியது, விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் முகட்டைக் கடந்துவிடுவது. கோடையில் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் முற்றும்.

சரளைப்பாதை:
அண்ணா, உங்கள் கதை ஒரு வரி, அறிவுரை ஒரு பக்கம். ஆனாலும் பொந்து பற்றிய செய்தி எனக்குப் புதிது.

முகில்கடல்:
யாரும் பிராக்கன் நிழலுருவைச் சொல்லவில்லையே! காலையில் முதுகுப்பக்கம் கதிரவன், முன்னால் பள்ளத்தாக்கை நிரப்பிய மூடுபனி. அதன்மேல் என் நிழல் பேருருவாக நீண்டு, தலையைச் சுற்றி வண்ண வளையங்களுடன் நின்றது. அருகில் நின்ற கணவரோ வளையம் தம் தலையைச் சுற்றியே இருக்கிறது என்று வாதிட்டார். இருவர் சொன்னதும் உண்மை. நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையில்தான் வளையம் தெரியும். இந்த விளக்கம் பின்னர் தெரிந்தும் வாதம் தீரவில்லை.

கூர்முகடு:
பனிக்கோடு அவர்களே, வெப்பக் கணக்கு பொருத்தமாகவே உள்ளது. ஆனால் அவை எழுந்தபோது காற்றே அசையவில்லை. என் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. குடில் பொறுப்பாளரிடம் கேட்டேன். கிடாக்கள் இறங்கினால் தாம் கொடியில் உலரும் துணிகளை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

பனிக்கோடு:
மாலையானால் எல்லோரும்தான் துணியை எடுப்பார்கள், ஐயா. அன்று மணி என்ன என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.