எனர்ஜான் யூனிவர்ஸ் காமிக்ஸ்: நீங்கள் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்?

லாரிக்காரர் மகன், சத்துவாச்சாரி

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை தெரியும். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளின் முகப்பைப் பார்த்தே மாடல் சொல்வார். லாரியாக மாறும் ரோபோ ஆப்டிமஸ் பிரைம் மீது எனக்குப் பிரியம் வந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

அவன் வருகிற, வண்டியாக மாறும் ரோபோக்களின் கதையான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸைப் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பயம்தான் தடுத்தது. மார்வெல் 1984இல் ஆரம்பித்து 1991 வரை 80 இதழ்கள் போட்டது. பிறகு ஐடிடபிள்யூ என்ற பதிப்பகம் 2005இலிருந்து 2022 வரை போட்டது. இவ்வளவையும் படித்தால்தான் புரியும் என்று நினைத்துக்கொண்டு தள்ளிப்போட்டேன். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பன்தான் சொன்னான்: "2023இல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள்டா. பழசு எதுவும் தெரிய வேண்டாம்."

அப்படி வந்ததுதான் எனர்ஜான் யூனிவர்ஸ். காமிக்ஸ் எழுத்தாளர் ராபர்ட் கிர்க்மேனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம், இமேஜ் காமிக்ஸ் வழியாக வெளியிடுகிறது. பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோவின் இரண்டு பெரிய வரிசைகளான டிரான்ஸ்ஃபார்மர்ஸும், ராணுவ வீரர் பொம்மைகளான ஜி.ஐ. ஜோவும் இங்கே ஒரே உலகத்தில் நடக்கின்றன. நான் வாங்கியது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முதல் தொகுப்பு, முதல் 6 இதழ்கள் சேர்ந்தது. கதையும் ஓவியமும் டேனியல் வாரன் ஜான்சன், வண்ணம் மைக் ஸ்பைசர். காமிக்ஸுக்கான 2024 ஐஸ்னர் விருதுகளில் சிறந்த தொடர் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது.

புத்தகம் வந்த அன்று அப்பா வாங்கிப் புரட்டினார். அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆப்டிமஸ் லாரியாக நிற்கும் பக்கத்தில் நிறுத்தி, விரல் வைத்து, "இது கேபின் தூக்கற வண்டி. இன்ஜின் மேலயே டிரைவர் உக்காருவான். சம்மர்ல காலு வெந்துடும்" என்றார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. 2007 சினிமாவில் வரும் ஆப்டிமஸ் மூக்கு நீண்ட லாரி. இந்தக் காமிக்ஸில் 1984 பொம்மையில் இருந்த தட்டை முக லாரியையே வரைந்திருக்கிறார் ஜான்சன். நம் ரோட்டில் ஓடும் வண்டிகளின் முகமும் அதுதானே! அடுத்து அப்பா கேட்டார்: "இவனுக்கு டீசலா, வேற எதுனாவா?" இந்த யூனிவர்ஸே அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. எனர்ஜான் என்பது அந்த ரோபோக்களின் எரிபொருள். அது தீர்ந்தால் சாவு. அதற்காகத்தான் அடிதடி எல்லாம்.

நீங்கள் எல்லோரும் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பெல் குவார்ட்டர்ஸ், ராணிப்பேட்டை

தம்பி, உங்கள் அப்பா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஜி.ஐ. ஜோ பக்கத்திலிருந்து வந்தவன். தொண்ணூறுகளில் பன்ஸ்கூல் தயாரித்த ஜி.ஐ. ஜோ பொம்மைகள் நம் ஊர்க் கடைகளில் அட்டையில் தொங்கும். எம்ஆர்எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. இப்போது அதற்கு எங்கள் ராணிப்பேட்டையிலேயே தொழிற்சாலை இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. தீபாவளிக்கு ஒன்று, முழுப்பரீட்சை முடிந்தால் ஒன்று, அவ்வளவுதான் கிடைக்கும். என்னிடம் இருந்தது மொத்தம் நான்கு.

அட்டையின் பின்பக்கம் அந்த வீரனின் பெயர், ஊர், என்ன வேலையில் கெட்டிக்காரன் என்று ஒரு குறிப்பு இருக்கும். கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். டிக்ஷனரியை வைத்துக்கொண்டு அதைப் படித்துப் படித்துத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் குறிப்புகளை எழுதிய லாரி ஹாமாதான் மார்வெலில் ஜி.ஐ. ஜோ காமிக்ஸையும் எழுதியவர் என்று. 1982இலிருந்து 1994 வரை 155 இதழ்கள். காமிக்ஸுக்காக ஒவ்வொருவருக்கும் அவர் தயாரித்துக்கொண்ட குறிப்புகளே சுருங்கி அட்டைக்கு வந்தன.

ஜோ வீரர்களில் கருப்பு உடை ஸ்னேக் ஐஸைத் தெரிந்திருக்கும். 1982இல் முதல் வரிசை தயாரித்தபோது பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்க ஒரு பொம்மையை வெறும் கருப்பு பிளாஸ்டிக்கிலேயே விட்டார்கள். அவன்தான் ஸ்னேக் ஐஸ். முகமும் கிடையாது, பேச்சும் கிடையாது. கடைசியில் வாசகர்கள் அதிகம் நேசித்தது அவனைத்தான். பொம்மைக் கம்பெனியின் கணக்கிலிருந்து ஒரு எழுத்தாளர் இப்படி ஒரு உயிரை உண்டாக்கினாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

அண்ணன் மகன் எட்டாவது படிக்கிறான், தமிழ் மீடியம். ஸ்பீச் பலூனில் நாலு வரி இங்கிலீஷைப் பார்த்தாலே மூடி வைத்துவிடுவான். அவனுக்கு நான் முதலில் கொடுத்தது 1984இல் வந்த ஜி.ஐ. ஜோ 21ஆம் இதழ். புதிய யூனிவர்ஸைச் சேர்ந்தது இல்லை, பழைய மார்வெல் கதை. ஆனால் அந்த இதழில் வசனமே கிடையாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை படம் மட்டும்தான். ஜோ குழுவைச் சேர்ந்த ஸ்கார்லெட் என்ற பெண்ணை ஒரு கோட்டையில் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஸ்னேக் ஐஸ் பாராசூட்டில் இறங்குகிறான், வெள்ளை உடை ஸ்டார்ம் ஷேடோ குறுக்கே வருகிறான்.

பையன் திண்ணையில் உட்கார்ந்து படித்தான். நான் பேப்பர் படிக்கிற மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஸ்னேக் ஐஸின் கையில் ஒரு பச்சை குத்திய அடையாளம் தெரியும். அங்கே வந்ததும் அவன் விரல் நின்றது. மடமடவென்று பின்னால் புரட்டி ஸ்டார்ம் ஷேடோவின் கையைத் தேடினான். ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்து, "சித்தப்பா, ரெண்டு பேருக்கும் ஒரே டாட்டூ! இவங்க முன்னாடியே தெரிஞ்சவங்களா?" என்றான். அப்புறம் என்ன, மறுநாளே அடுத்த புத்தகம் கேட்டு வந்து நின்றான். இப்போது புதிய ஜி.ஐ. ஜோவில் இருக்கிறான். தெரியாத வார்த்தைக்கு அடியில் பென்சில் கோடு போடுகிறான். போடட்டும்.

நெசவுக்காரத் தெரு, குடியாத்தம்

நான் தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பழைய புத்தகக் கடையில் 'ரெவல்யூஷன்' கிடைத்தது. 2016இல் ஐடிடபிள்யூ போட்டது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ, ராம், மைக்ரோநாட்ஸ், மாஸ்க், ஆக்ஷன் மேன் எல்லோரையும் ஒரே கதையில் கொண்டு வந்தார்கள். அட்டையைப் பார்த்து ஆசையாக வாங்கினேன். இருபது பக்கத்துக்கு மேல் போகவில்லை. யார், எவர், ஏன் சண்டை, எதுவும் புரியவில்லை. அது பத்து வருடமாக ஓடிய கதைகள் வந்து சேரும் இடம், கல்யாண வீட்டில் சொந்தம் எல்லாம் கூடுகிற மாதிரி. வெளி ஆள் போய் நின்றால் யார் மாமா, யார் மச்சான் என்று எப்படித் தெரியும்? அந்த உலகம் 2018இல் முடிந்தும்விட்டது, ஐடிடபிள்யூ அதற்குப் பிறகு போட்டது வேறு கதை. ஒரு வருடம் காமிக்ஸையே தொடவில்லை. பிறகு எனர்ஜான் யூனிவர்ஸில் வரும் 'வாய்ட் ரைவல்ஸ்' படித்துத் திரும்ப வந்தேன்.

நைட் டூட்டி அம்மா, காட்பாடி

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்களுக்காக ஒன்று. என் மகனுக்குப் பத்து வயது. கார்ட்டூன் பார்த்து பம்பிள்பீ என்ற ரோபோ என்றால் உயிர். பிறந்தநாளுக்கு மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முதல் தொகுப்பை ஆர்டர் செய்தேன். நான் பிரித்துப் பார்க்கவில்லை, அது என் தவறு. டூட்டி முடித்துக் காலையில் வந்தால் அவன் முகம் வீங்கியிருக்கிறது. முதல் இதழிலேயே ஸ்டார்ஸ்க்ரீம் என்ற எதிரி ரோபோ பம்பிள்பீயைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். கதையை உடைக்கிறேன், மன்னியுங்கள், ஆனால் பெற்றவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

அன்று மத்தியானம் தூங்காமல் நானே உட்கார்ந்து படித்தேன். இது பெரியவர்களுக்கான போர்க்கதை. ஓரிடத்தில் ஆப்டிமஸ் காட்டில் நடக்கும்போது தெரியாமல் ஒரு மானை மிதித்துவிடுகிறான். அத்தனை பெரிய உருவம் குனிந்து, நசுங்கிப்போன அந்தச் சின்ன உயிரைப் பார்த்துத் துடிக்கிறது. இந்தப் பூமியில் எல்லாமே எவ்வளவு மெல்லியது என்று அவனுக்குப் புரிகிற இடம் அது. வார்டில் முதல் முறை ஒரு குறைமாதக் குழந்தையைக் கையில் வாங்கியபோது என் விரல்கள் நடுங்கியது ஞாபகம் வந்தது. அந்த ஒரு காட்சிக்காகவே நான் மீதியையும் படித்தேன். கார்லி என்ற பெண்ணுக்கும் கிளிஃப்ஜம்பர் என்ற சிவப்புக் காருக்கும் நடுவே வளரும் நட்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

மகனுக்கு இரண்டு வருடம் கழித்துத் தரலாம் என்று புத்தகத்தை பீரோவில் வைத்துவிட்டேன். அதுவரை அவனுக்கு எதைக் கொடுக்கலாம்? ராணிப்பேட்டை அண்ணா, அந்த வசனமில்லாத இதழ் பத்து வயதுக்குச் சரியாக இருக்குமா?

லாரிக்காரர் மகன், சத்துவாச்சாரி

அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள். நான் முதல் பதிவிலேயே வயதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

குடியாத்தம் நண்பர் சொன்ன 'வாய்ட் ரைவல்ஸ்'தான் உண்மையில் இந்த யூனிவர்ஸின் முதல் இதழ், ஜூன் 2023. கிர்க்மேனே எழுதியது, ஓவியம் லொரென்சோ டி ஃபெலிசி. ஜென்மப் பகை உள்ள இரண்டு இனத்தைச் சேர்ந்த டாரக்கும் சொலீலாவும் ஆளில்லாத ஓரிடத்தில் விழுந்து மாட்டிக்கொள்கிறார்கள். பொம்மைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று முன்னால் யாருக்கும் சொல்லாமலே வெளியிட்டார்கள். அந்த இதழுக்குள்ளேயே ஒரு பழைய முகம் எழுந்து நிற்கும், யார் என்று நான் சொல்லமாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அக்டோபரில் வந்தது. ஜி.ஐ. ஜோ பக்கத்திலிருந்து டிசம்பரில் டியூக், 2024 ஜனவரியில் கோப்ரா கமாண்டர். இந்த இரண்டும் 5 இதழ்களில் முடிகிற சின்னத் தொடர்கள், ஜோஷுவா வில்லியம்சன் எழுதியவை. 2024 நவம்பரில்தான் ஜி.ஐ. ஜோ என்ற பெயரில் பெரிய தொடர் வந்தது.

வெளிவந்த வரிசையிலேயே போக வேண்டும் என்று அவசியம் இல்லை. நான் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படித்துவிட்டு வாய்ட் ரைவல்ஸுக்குப் போனேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டியூக்கை மட்டும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குப் பிறகு படியுங்கள். போர் விமானம் ரோபோவாக மாறுவதைக் கண்ணால் பார்த்த ஒரு சிப்பாய், சொன்னால் யாருமே நம்பவில்லை, அதுதான் கதை. அந்த விமானம் யார் என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தால் அவனுடைய தவிப்பு இன்னும் நன்றாகப் பிடிபடும்.

பேட்டர்ன் மாஸ்டர், ஆம்பூர்

ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறேன். ஒரு பொருளை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கிற கண் எனக்கு. அதனால் காமிக்ஸுக்கு முன்பே பொம்மை வழியாக வந்தேன். ஒரு சந்தேகம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. ஆப்டிமஸ் லாரி, ஆனால் சவுண்ட்வேவ் கையில் பிடிக்கிற டேப் ரெக்கார்டர். இருவரும் நின்றால் எப்படி ஒரே உயரம்?

விஷயம் இதுதான். ஜப்பானில் டக்காரா கம்பெனி இரண்டு தனி வரிசைகளை விற்றது. டயாக்ளோனில் உள்ளே குட்டி டிரைவர் உட்காரும் கார், லாரிகள். மைக்ரோ சேஞ்சில் நிஜ அளவிலேயே கேசட், துப்பாக்கி. ஹாஸ்ப்ரோ இரண்டையும் வாங்கி 1984இல் ஒரே பெயரில் விற்றது. மார்வெல்காரர்கள்தான் இவர்கள் எல்லோருக்கும் ஒரு கிரகம், ஒரு போர் என்று கதை கட்டிக்கொடுத்தார்கள். அளவு பொருந்தாத தோல் துண்டுகளை வைத்து ஒரு ஜோடி தைத்த மாதிரி. அதைத் தெரிந்துகொண்டு இந்தப் புதிய தொடரைப் படித்தால், சவுண்ட்வேவின் நெஞ்சிலிருந்து கேசட் பாய்கிற ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தையலைத் தேடத் தோன்றுகிறது.

ராணிப்பேட்டை அண்ணனுக்கு: உங்கள் நான்கு ஜோக்களும் இன்னும் முழுசாக இருக்கிறதா?

பெல் குவார்ட்டர்ஸ், ராணிப்பேட்டை

மூன்று இருக்கிறது தம்பி. இரண்டு போன வருடம் இடுப்போடு கழன்றுவிட்டது. உள்ளே ஒரு கருப்பு ரப்பர் வளையம்தான் மேலுடம்பையும் காலையும் இழுத்துப் பிடித்திருக்கும். முப்பது வருடத்தில் அது இற்றுப்போய்விட்டது. முதுகில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி, பிளம்பிங் கடையில் அளவு பார்த்து வாங்கிய ஓ-ரிங்கை இடுப்புக் கொக்கியில் மாட்டித் திரும்ப மூடினேன். பழையபடி உட்காருகிறார்கள், நிற்கிறார்கள். அண்ணன் மகன்தான் டார்ச் பிடித்தான்.

காட்பாடி அம்மாவுக்கு: 21ஆம் இதழில் வாள் சண்டை உண்டு, ஆனால் ரத்தம் பெரிதாக இல்லை. பத்து வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கண் டாக்டரிடம் காட்ட வேலூர் வருகிறேன். பதினோரு மணிக்கு அந்த இதழோடு கோட்டை வாசலில் இருப்பேன்.

நைட் டூட்டி அம்மா, காட்பாடி

ரொம்ப நன்றி அண்ணா. ஞாயிறு எனக்கு ஆஃப்தான், மகனையும் கூட்டி வருகிறேன். முடிந்தால் அந்த மூன்று பொம்மைகளில் ஒன்றையும் எடுத்து வாருங்கள். முதுகு ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும் என்கிறான்.