பிக்கிள்பாலில் அடித்து ஆடுகிறவர்களுக்கு எந்தப் பேடில் (மட்டை)? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பேஸ்லைன் பேய்:
நானே ஆரம்பிக்கிறேன், இது மனசில் கிடந்து குடைகிறது. டாலஸ் பக்கம் பிளேனோவில் வார இறுதியில் ஆடும் கூட்டம் எங்களுடையது. பாதிப்பேர் நம்மூர் ஐடி ஆட்கள், மீதி ரிட்டயர் ஆன அமெரிக்கர்கள். மூன்றாவது ஷாட்டில் பொறுமையாக, வலைக்குப் பக்கத்தில் மெதுவாக விழும் டிராப் போடும் ஆள் நான் இல்லை, ஓங்கி அடிக்கும் டிரைவ்தான். பேடில் 14 எம்எம் தடிமன், தெர்மோஃபார்ம்டு (சூட்டில் அழுத்திச் செய்தது), கார்பன் முகம். கொஞ்ச நாளாகவே பந்து கேட்டதற்கு மேல் பறந்துகொண்டிருந்தது. அன்றைக்கு 9-9, எதிரில் வலைக்குப் பக்கத்தில் இருக்கிற கிச்சன் கோட்டில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். நெஞ்சு உயரத்துக்கு ஒன்று வாகாக வந்தது, திடீரென வேகம் கூட்டி ஸ்பீடப் அடித்தேன், அவர் பேடிலைத் தூக்குவதற்குள் பந்து கழுத்துக்குக் கீழே எலும்பில் பட்டுவிட்டது. ஓடிப்போய் சாரி சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. வலைக்கு மேலே கையை நீட்டி என் பேடிலை வாங்கி, விரல் முட்டியால் முகம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் சத்தம் மாறிவிட்டது, காலி டப்பாவைத் தட்டுகிற மாதிரி. அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினார், லேசாக உள்ளே போய் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே கோர், அதாவது இரண்டு முகத்துக்கும் நடுவில் இருக்கும் அடுக்கு, நொறுங்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இப்போது நான் சர்வீஸ் போட நின்றாலே யாராவது ஒருவர் என் பேடிலைப் பார்க்கிறார். புதுசு வாங்கியாக வேண்டும். வேகம் வேண்டும், இந்தத் தலைவலி வேண்டாம். நீங்கள் எல்லாம் என்ன வைத்து ஆடுகிறீர்கள்?

முன்னாள் டிடி:
சென்னை, அண்ணாநகர் பக்கம் ஒரு மொட்டைமாடி கோர்ட். டேபிள் டென்னிஸில் இருந்து வந்தவன், மணிக்கட்டு சும்மா இருக்காது. கடையில் "சார், அட்டாக்கிங் பிளேயர்னா இதான்" என்று ஃபைபர் கிளாஸ் முகம் போட்ட 13 எம்எம் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதைக் கடனாக வாங்கிப்போய் ஆடியும் பார்த்தேன், தொட்டால் துள்ளுகிறது. நடுவில் நண்பன் அவனுடைய 16 எம்எம்மைக் கையில் திணித்தான். அடுத்த ரேலியிலேயே எதிராளி என் வயிற்றைக் குறிவைத்து ஓங்கி ஒன்று விட்டான். பேக்ஹேண்டில் சும்மா காட்டினேன், அவ்வளவுதான், பந்து அவன் காலடியிலேயே போய் விழுந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: வேகம் நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பேடிலில் வேறு காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? நாம் ஓங்கி அடித்தால் எதிராளியும் சும்மா இருக்கப்போவதில்லை, திரும்பி வருகிற பந்தைச் சமாளிக்கத்தான் தடித்த கோர்.

நெட்டைக் கைப்பிடி:
டிடி அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நானும் 16 எம்எம் அகலப் பேடிலோடு ஆடியவன்தான், எடிசனில், நியூ ஜெர்சி. லட்டு மாதிரி ஒரு லாப், உயரத் தூக்கிப் போட்ட பந்து, வந்தது, முழு பலத்தோடு தலைக்கு மேலிருந்து ஓவர்ஹெட் அடித்தேன். எதிரே நின்றவர் அதைப் பின்கோட்டில் இருந்து நிதானமாக எடுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் பேடிலை மாற்றினேன். கதை அவ்வளவுதான்.

பேய் சார், உங்களுக்கு நான் சொல்வது: நீள வடிவம் எடுங்கள். விதிப்படி நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலம் தாண்டக்கூடாது, நீளம் மட்டும் 17 வரை போகலாம். அதனால் நீளம் கூடினால் அகலம் குறையும், ஸ்வீட் ஸ்பாட்டும் (பந்து நன்றாகப் படும் நடுப்பகுதி) ஒல்லியாகும், அது நீங்கள் கொடுக்கிற விலை. பதிலுக்கு எட்டும் தூரமும் நுனி வேகமும் கிடைக்கும். கைப்பிடி ஐந்தரை அங்குலம் இருக்கட்டும், இரண்டு கை பேக்ஹேண்டுக்கு அதற்குக் குறைந்தால் கீழ்க்கை தொங்கும். எடை 8 அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகவே வாங்குங்கள், அதாவது 220 கிராம் சுற்றி. எடையை அப்புறம் ஏற்றலாம், குறைக்க முடியாது. கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில் பக்கத்துக்கு இரண்டு மூன்று கிராம் ஈய டேப் ஒட்டினால் ஓரத்தில் பட்ட பந்துக்குக்கூட பேடில் கையில் திரும்பாது. 12 மணியில் ஒட்டாதீர்கள், அடி பலமாக விழும், ஆனால் கிச்சன் கோட்டில் சண்டை வரும்போது பேடில் ஒரு கணம் தாமதமாக வரும். மொத்த எடையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், ஒரே எடையில் இரண்டு பேடில் இருந்தாலும் சுழற்றும்போது ஒன்று கனமாகத் தெரியும். ஸ்விங் வெயிட் எண்ணைத் தேடிப் பாருங்கள், 120 தாண்டினால் நான் தொடமாட்டேன். கோர் 14 போதும்.

வலது முழங்கை:
எல்லோரும் பவர் பவர் என்கிறீர்கள். போன வருஷம் காபி டம்ளரைத் தூக்க முடியாமல் இடது கையால் குடித்தேன். டென்னிஸ் எல்போ. கேட்காமலே சொல்கிறேன்: மெல்லிய, விறைப்பான பேடிலில் மையம் தவறி அடித்தால் அதிர்வு நேரே முழங்கைக்குத்தான் வரும். கைப்பிடி சுற்றளவையும் பாருங்கள், பெரும்பாலும் 4-இல் இருந்து நாலேகால் அங்குலம். சிறியதாக இருந்தால் பேடில் நழுவாமல் இருக்கவே கூடுதலாக இறுக்குவீர்கள், அந்த இறுக்கம்தான் ஆளைக் காலி செய்கிறது. சிறியதை வாங்கி மேலே ஓவர்கிரிப் சுற்றிக்கொள்ளலாம், பெரியதைச் செதுக்க முடியாது. சென்னை வியர்வைக்கு ஓவர்கிரிப்பை அடிக்கடி மாற்றுங்கள், ஊறிப்போன கிரிப்பில் யாராக இருந்தாலும் இறுக்கித்தான் பிடிப்பார்கள். வார்ம்அப் செய்யாமல் வந்தவுடன் ஓங்கி அடிக்காதீர்கள். வலி வந்த பிறகு "ஆடி ஆடியே சரியாகிவிடும்" என்று சொல்பவன் பேச்சைக் கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவன் இப்போது பிசியோவில் எனக்கு அடுத்த பெட்.

நெட்டைக் கைப்பிடி:
முழங்கை சார், கேள்வி அட்டாக் பற்றி.

வலது முழங்கை:
முழங்கை இல்லாமல் எதை வைத்து அட்டாக் செய்வீர்கள்?

கிச்சன் காவல்:
நான் அந்தப் பக்கம் நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். கோவை. மிக்ஸ்டு டபுள்ஸ் என்றால் எல்லாப் பந்தும் பெண்ணை நோக்கித்தான் வரும், தெரிந்த கதை. ஒரு போட்டியில் எதிரே ஒருவர், பேடில் அடிக்கிற சத்தமே பக்கத்து கோர்ட்டைத் திரும்பிப் பார்க்க வைக்கும். முதல் கேமில் அவர் அடித்த ஒன்று என் தோளுக்கு நேரே வந்தது. ஒதுங்கிவிட்டேன். வெளியே. அடுத்ததும் தோள் உயரம், ஒதுங்கினேன், வெளியே. கோர்ட் மொத்தமே 44 அடி, வலை நடுவில் 34 அங்குலம், அவ்வளவு வேகத்தில் மட்டமாக வருகிற பந்து தோளுக்கு மேலே இருந்தால் உள்ளே விழ வழியே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் பேடிலைத் திருப்பி முகத்தை உற்றுப் பார்ப்பார், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பாவமாகவும் இருந்தது.

அவர் பேடிலின் முகம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, கைகுலுக்கும்போது கவனித்தேன். டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) ஏறினால்தான் வேகமான பந்து கீழே இறங்கும், அதற்குச் சொரசொரப்பு வேண்டும். அடித்து ஆடுகிறவர்கள் கோர் தடிமனுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது முகத்துக்குக் கொடுங்கள். மேல்பூச்சு இல்லாத ரா கார்பன் என்றாலும் அது நிரந்தரம் இல்லை, தேயும்.

பேஸ்லைன் பேய்:
காவல் மேடம், இதைப் படித்த பிறகு தோள் உயரத்தில் அடிக்கவே பயமாக இருக்கிறது. டிராம்போலின் மாதிரி துள்ளுகிற பேடில்கள் விஷயத்தில் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நடத்தும் அமைப்பான யுஎஸ்ஏ பிக்கிள்பால் கெடுபிடி அதிகம், 2024-இல் சில பேடில்களை அனுமதிப் பட்டியலில் இருந்தே எடுத்தார்கள். ஆகவே பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ஆனால் என்னுடையது பட்டியலில் இருந்த பேடில்தான், ஆடி ஆடி உள்ளே உடைந்தது. அதனால் வாரண்டியில் கோர் நொறுங்கினால் மாற்றித் தருவார்களா என்றும் கேட்கப்போகிறேன். இப்போதைக்கு 16 எம்எம், நீள வடிவம், ஐந்தரை கைப்பிடி என்று யோசனை. இரண்டு கட்சிக்கும் பொது.

நெட்டைக் கைப்பிடி:
இது இரண்டுங்கெட்டான். அந்த ஓவர்ஹெட்டை 16-இல் முடித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

முன்னாள் டிடி:
தம்பி, லாபை நேரே ஆளிடம் அடித்தால் எந்தப் பேடிலும் முடிக்காது. ஓரத்தில் சாய்த்து அடிக்கணும். அது சரி, பழைய 16-ஐ என்ன செய்தீர்கள்? விற்கிற யோசனை இருந்தால் சொல்லுங்கள், என் தங்கை எடிசனில்தான் இருக்கிறாள், இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறாள்.