தேங்க்ஸ்கிவிங் கொண்டாடாத நாட்டில் பிளாக் ஃப்ரைடே எதற்கு?

கேள்வி – வடக்கு மான்செஸ்டர்

வணக்கம். நாங்கள் இங்கே குடிவந்து இது இரண்டாவது குளிர்காலம். எனக்குக் கம்பளிக் கோட்டும் பத்து வயது மகளுக்குப் பூட்ஸும் வாங்குவதற்காகச் சென்ற சனிக்கிழமை டிராஃபோர்ட் சென்டர் வணிக வளாகத்துக்குப் போயிருந்தோம். நவம்பர் பாதிகூடக் கழியவில்லை. அதற்குள் கடைக்குக் கடை பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிப் பதாகைகள் தொங்கின. நான் எடுத்துப் பார்த்த கோட்டின் விலைச்சீட்டில் 140 பவுண்டை அடித்து 98 என்று போட்டிருந்தார்கள். அமெரிக்கர்களுக்கு நவம்பரின் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை என்பதால் மறுநாள் கடைக்குப் போகிறார்கள். அந்த வியாழனே இல்லாத பிரிட்டனுக்கு இந்த வெள்ளி எப்படி வந்தது? கோட்டை இப்போதே வாங்கலாமா, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தள்ளுபடி தொடங்கும் பாக்சிங் டே வரை பொறுக்கலாமா?

பதில் – பழைய லண்டன்வாசி

அமேசான் 2010இல் தன் பிரிட்டிஷ் தளத்தில் இதைத் தொடங்கியது. கடைக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, அப்போது அமெரிக்காவின் வால்மார்ட்டுக்குச் சொந்தமாக இருந்த அஸ்டா பேரங்காடிக்கு, ஆண்டு 2013. மறுவருடம் நவம்பர் 28 அன்று, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக மக்கள் ஒருவரையொருவர் தள்ளி விழுத்த, உங்கள் மான்செஸ்டர் வட்டாரத்திலேயே பல பேரங்காடிகளுக்குப் போலீஸார் வர வேண்டியிருந்தது. 2015இல் அஸ்டா விலகிக்கொண்டது. மற்ற கடைகள் விடவில்லை. ஒரே நாளில் கூட்டம் முட்டாதபடி அந்த ஒரு நாளைப் பல வாரங்களாக நீட்டிவிட்டன. நீங்கள் நவம்பர் நடுவில் பார்த்த பதாகைகளின் கதை இதுதான். பிளாக் ஃப்ரைடே என்ற பெயரும் ஃபிலடெல்ஃபியா போலீஸார் அன்றைய வாகன நெரிசலை நொந்து வைத்ததே. கடைக்கணக்கு நட்டத்தைக் காட்டும் சிவப்பு மையிலிருந்து இலாபத்தைக் காட்டும் கறுப்பு மைக்கு மாறும் நாள் என்ற விளக்கம் பின்னால் ஒட்டியது.

அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். சிகாகோவிலிருந்து வந்த ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் 1909இல் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் கடை திறந்து, வாங்காதவரும் உள்ளே வந்து நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று அழைத்தார். அது வாடிக்கையாளருக்கு மரியாதை. இன்றைய பதாகையோ நின்று யோசிக்க விடாமல் நம்மை விரட்டுகிறது. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

பதில் – துணிக்கடை ஊழியர்

பொறுத்திருங்கள் அக்கா. ‘விச்’ என்ற நுகர்வோர் அமைப்பு இத்தகைய சலுகைகளைப் பலமுறை ஆராய்ந்து, பெரும்பாலான பொருள்கள் ஆண்டின் வேறு நாள்களில் அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ கிடைத்ததைக் காட்டியிருக்கிறது. குளிர்கால உடைகளைக் கடைகள் எப்படியும் ஜனவரிக்குள் தள்ளிவிடப் பார்க்கும். உங்கள் அளவு தீர்ந்துபோகலாம் என்பது ஒன்றே ஆபத்து.

கடையில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் 30 நாள்களுக்குள் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நிறம் பிடிக்கவில்லை என்றால் கடை மனம்வைத்தால்தான் உண்டு. இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த பின்னும் 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலேயே வேண்டாம் எனலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வியாழனன்று குடும்பத்தோடு விருந்துண்ட பலருக்கு வெள்ளியும் ஓய்வுநாள். இங்கே அது எல்லோருக்கும் வேலைநாள். நவம்பர் முழுவதும் இந்தக் கூட்டத்தைச் சமாளித்துவிட்டு, பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும் டிசம்பர் 25 ஒருநாள் மட்டும் வீட்டிலிருந்து, 26 விடியற்காலையில் மறுபடி அலமாரி அடுக்க வருகிறோம். முன்பு ஒரு தள்ளுபடிக் காலம் இருந்தது, இப்போது இரண்டு. ஆள்கள் மட்டும் அதே ஆள்கள்.

வடக்கு மான்செஸ்டர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோட்டை ஜனவரியில் பார்த்துக்கொள்கிறேன், அதுவரை பழையது தாங்கும். மகளின் பழைய பூட்ஸ் கடித்துக் குதிகால் புண்ணாகிவிட்டதால் புது பூட்ஸை மட்டும் நாளை, கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைக் காலையில் போய், அவள் காலில் போட்டுப் பார்த்தே வாங்குகிறோம்.