ஒரே ஒரு சிவப்பு டி-ஷர்ட்டோடு ஐந்து நாள்

2024 மார்ச்சில் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் கூடைப்பந்துப் போட்டி பார்க்க, நார்த் கரோலினா மாநிலத்து ராலேயிலிருந்து வாஷிங்டனுக்குக் காரோட்டிப் போனேன். ஒரு நாளுக்கான துணிதான் எடுத்திருந்தேன். நான் படித்த என்.சி. ஸ்டேட் (நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம்) சீசனின் கடைசி நான்கு ஆட்டங்களையும் தோற்று, 15 அணிகளில் பத்தாவதாகப் போயிருந்தது. செவ்வாயன்று லூயிவிலிடம் தோற்கும், ராத்திரியே கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஜெயித்துத் தொலைத்தார்கள். புதன் சிரக்யூஸையும் வியாழன் டியூக்கையும் கூட.

முதல் நான்கு இடக்காரர்கள் நேராக வியாழக்கிழமைதான் இறங்குவார்கள். பத்தாவது அணி கோப்பை வாங்க ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஏசிசியில் அதுவரை யாரும் செய்ததில்லை.

தினமும் ராத்திரி அந்த ஒரே டி-ஷர்ட்டை ஓட்டல் வாஷ்பேசினில் அலசி, ஹேர் டிரையரால் காய வைத்தேன். வியாழனுக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டேன். ராசி போய்விடுமே!

வெள்ளி அரையிறுதியில் வர்ஜீனியா மூன்று புள்ளி முன்னிலை, மிச்சம் 5 விநாடி சொச்சம். அவர்களுடைய ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதல்) தவறியது. எங்கள் மைக்கேல் ஓ'கானல் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, மூன்று புள்ளி தூரத்திலிருந்து எறிந்தார். பலகையில் பட்டு, வளையத்தில் உருண்டு, சரி போச்சு என்று நினைக்கும்போது உள்ளே விழுந்தது. 58-58. ஓவர்டைமில் 73-65 என்று ஜெயித்தோம்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம் நார்த் கரோலினாவோடு, அது எங்களுடையதல்லாத வேறு பல்கலைக்கழகம். அதற்கு என்னிடம் டிக்கெட் இல்லை. இங்கே பலரும் மொத்த ஆட்டங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். தங்கள் அணி வெளியேறினால் மிச்சத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு டியூக் ரசிகருடைய சீட்டு. "நார்த் கரோலினா மட்டும் ஜெயிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். டியூக்குக்கும் நார்த் கரோலினாவுக்கும் பகை அப்படி.

சுற்றிலும் நார்த் கரோலினாவின் வெளிர்நீலச் சட்டைகள். எங்கள் டி.ஜே. பர்ன்ஸ் அந்தப் பெரிய உடம்போடு முதுகைக் காட்டி மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போவார். இரண்டு பேர் மறித்தால் ஆளில்லாத பக்கம் பந்தைத் தட்டிவிடுவார். எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி விசாரிக்கும் பெரியப்பா ஞாபகம் வந்தது, அவசரமே கிடையாது. 20 புள்ளி, 7 அசிஸ்ட் (அடுத்தவர் கூடை போடக் கொடுத்த பாஸ்). டி.ஜே. ஹார்ன் 29. ரம்ஜான் நோன்போடு முகமது தியாரா. 84-76. 1987க்குப் பிறகு முதல் கோப்பை.

*

(வாசகர் பின்னூட்டம்) நீங்கள் வாஷிங்டனில் பார்த்தீர்கள், நான் அன்றைக்கு ராலேயில் இருந்தேன். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஹில்ஸ்பரோ தெரு மணிக்கூண்டுக்கு ஓடினோம். முன்பின் தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார். என் கண்ணாடி உடைந்தது, அது தனிக்கதை.

*

(இன்னொரு வாசகர்) ஐந்து நாளில் ஐந்து என்றால் எனக்கு 2011இல் பிக் ஈஸ்ட் என்ற இன்னொரு பல்கலைக்கழகப் போட்டியில் கனெக்டிகட் ஜெயித்ததுதான். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பிட்ஸ்பர்க் ஆட்டத்தின் கடைசி நொடி. கனெக்டிகட்டின் கெம்பா வாக்கர் ஒரு அடி முன்னே வைத்துச் சட்டென்று பின்வாங்க, மறித்த நெட்டை ஆள் தரையில், பந்து கூடைக்குள். 76-74. பக்கத்தில் இருந்தவருடைய பீர் முழுக்க என் மடியில்தான். ஐந்து ஆட்டத்தில் கெம்பா எடுத்தது 130 புள்ளி. அந்த வருடம் தேசியக் கோப்பையும் கனெக்டிகட்டுக்குத்தான்.

ஆமாம், அந்த டி-ஷர்ட்டைத் துவைத்தீர்களா இல்லையா?