இழை: ஈசிஎம் - தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அம்பத்தூர் நண்பர்:
அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபின் புது டீசல் லாரி எதுவும் ஈசிஎம் (ECM, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி) இல்லாமல் வருவதில்லை. அதிலும் சூடு, அதிர்வு, உப்புத்தண்ணீர் எல்லாம் தாங்கும் வகைக்கு (ஆங்கிலத்தில் 'rugged') எனக்குச் சொல் வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலி 'கரடுமுரடான மின்னணு இயந்திரக் கட்டுப்பாட்டுத் தொகுதி' என்கிறது. பெட்டியோ வழவழவென்று இருக்கிறது, பையன்கள் சிரிப்பார்கள். "வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் ______ இணைப்பைக் கழற்றவும்." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

மயிலாப்பூர் ஐயா:
'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி / வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்று கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் பாடுகிறார் (புறம் 66). கடல், கலம், தொழிலை ஆளுதல், உரம் - நான்கும் ஈரடியில் வந்துவிட்டன. உரவு + ஆளி = உரவாளி. எஞ்சினுக்குப் பொறி. ஆகப் 'பொறி உரவாளி'. இனி யோசிக்க என்ன இருக்கிறது?

தாம்பரம் ஆசிரியை:
ஐயா, உரம் என்றால் என் மாணவர்களுக்கு யூரியாதான். பொறியும் சும்மா இல்லை: எலிப்பொறி, ஐம்பொறி, தீப்பொறி. டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது, காற்றை அழுத்திய சூட்டில்தான் எரிகிறது. அங்கே போய் 'பொறி' என்றால் பையன் ஸ்பார்க் பிளக்கைத் தேடுவான். எந்திரம் என்று போடலாமே.

மயிலாப்பூர் ஐயா:
எந்திரம் வடசொல், அம்மா.

தாம்பரம் ஆசிரியை:
புறம் 322இல் 'கரும்பின் எந்திரம்' வருகிறது. ஈராயிரம் ஆண்டாகக் குடியிருப்பவனிடம் ரேஷன் கார்டு கேட்காதீர்கள்.

(இதன் பிறகு எந்திரம், இயந்திரம், யந்திரம் என்று ஒன்பது மடல்கள். அவற்றை வெட்டியிருக்கிறேன். - மட்டுறுத்துநர்)

வளசரவாக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அன்பர்:
ஒரு சிறு தகவல். எங்கட பள்ளிப் புத்தகத்தில் ஆளி எண்டால் சுவிட்ச். உரவாளி எண்டால் மொத்தமான சுவிட்ச் எண்டுதான் நினைப்பம்.

பெரம்பூர் தம்பி:
தண்ணீர் புகாதது என்பதுதானே முக்கியம்? ஐபி67 என்ற தரக்குறியீடு இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். 'அடைபெட்டி' எப்படி?

காசிமேடு எஞ்சின் மேஸ்திரி:
தம்பி, முழுசா அடைச்சா அதுவே வினை. ஓடி சூடான பெட்டி மேல அலைத்தண்ணி அடிச்சா உள்ள காத்து சுருங்கும். சுருங்கினா வெளியிலிருந்து இழுக்கும், ஒயர் ஓரமா உப்புத்தண்ணி உள்ள போயிடும். அதனாலதான் நெறைய பெட்டில காசு அகலத்துக்கு ஒரு சவ்வு வெச்சிருப்பான். காத்து போகும், தண்ணி போகாது. சிலதுல உள்ள இருக்கற சர்க்யூட் பலகையவே பிசின் ஊத்தி மூடிடுவான். பேர் வெக்கறதுன்னா அது செய்யற வேலைய வெச்சு வைங்க. பிஸ்டன் சுத்தி விடற தண்டு, அதான் கிராங்க், அது பக்கம் பல்சக்கரம் ஒண்ணு இருக்கும். பல எஞ்சின்ல 60 பல் இருக்க வேண்டிய வட்டத்துல ரெண்டு பல் இருக்காது. அந்த ஓட்டை சென்சாரைத் தாண்டறத வெச்சுதான் பிஸ்டன் எங்க நிக்குதுன்னு ஈசிஎம் கண்டுபிடிச்சு, எப்போ எவ்வளவு டீசல் அடிக்கணும்னு கணக்கு போடுது. புதுப்பேட்டைல போய் உரவாளி கேட்டா வெறுங்கையோட திரும்பணும்.

பெரம்பூர் தம்பி:
அப்போ 'கணக்குப்பிள்ளை'?

தாம்பரம் ஆசிரியை:
சம்பளம் கேட்கும். 'எஞ்சின் கட்டுப்பாட்டகம்' போதும். தாங்கும் வகைக்கு முன்னால் 'கடுஞ்சூழல்' சேருங்கள். 'வன்' வேண்டாம், வன்பொருள் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, குழப்பும்.

காசிமேடு எஞ்சின் மேஸ்திரி:
சரி. ஆனா பக்கத்துலயே ஈசிஎம்னும் போடுங்க. ஸ்கேனர் திரைல அதான் வரும்.

அம்பத்தூர் நண்பர்:
நன்றி. 'கடுஞ்சூழல் எஞ்சின் கட்டுப்பாட்டகம்' என முதலில் ஒருமுறை, பிறகு எங்கும் ஈசிஎம். வெல்டிங் வரியிலும் ஈசிஎம்தான், அவசரத்தில் படிப்பது அது. கோப்பை அனுப்பிவிட்டேன்.

மயிலாப்பூர் ஐயா:
பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. 'எஞ்சின்' என்று எழுதிவிட்டுக் கலைச்சொல் என்பது எனக்கு ஒப்பாது. இணைப்புப் பட்டியலில் உரவாளியையும் மாற்றுச்சொல்லாகச் சேர்க்கவும். ஆளி குறித்து யாழ்ப்பாணத்து அன்பருக்குத் தனிமடலில் எழுதுகிறேன், சற்று நீளும்.