சுடுமண் பட்டறைக்கு இணையதளம்: எதைப் பார்த்து வடிவமைப்பது?

கேள்வி (வில்லியனூர்):
சித்தப்பாவின் சுடுமண் பட்டறைக்கு இணையதளம் செய்கிறேன். இணையதள வடிவமைப்புக்குப் பரிசு தரும் அவ்வார்ட்ஸ் தளத்தில் பரிசு பெற்றவற்றைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கறுப்புப் பின்னணி, மிதந்து வரும் எழுத்து. அய்யனார் குதிரை வாங்க வருகிறவர் விலையைத் தேடியே களைத்துவிடுவார். வேறு எங்கே பார்க்கலாம்?

பதில் (கடலூர் முதுநகர்):
புதியதை விடுங்கள் தம்பி, பழையதைத் தோண்டுங்கள். இண்டர்நெட் ஆர்கைவ் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. பழைய பக்கங்களைத் திறந்து காட்டும் அதன் வேபேக் மெஷினில் ஓர் அருங்காட்சியகத்தின் முகவரியை இட்டு, ஆண்டைத் தேர்ந்து, நாட்காட்டியில் வட்டமிட்ட தேதியைச் சொடுக்குங்கள். தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக இணையம் வந்த மோடம் காலத்தில் பெரிய படம் இறங்கத் தாமதமாகும்; தலைப்பும் பட்டியலுமே வேலையைச் செய்தன. அந்தச் சிக்கனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் எழுத்தை அங்கேயே விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும். சில படங்கள் திறக்காது. எல்லாக் கோப்புகளும் சேமிக்கப்படவில்லை.

2003இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற வடிவமைப்பு மாதிரித் தளத்தையும் பாருங்கள். பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் எச்டிஎம்எல் ஒன்றுதான், நிறம், எழுத்து, அமைப்பைத் தீர்மானிக்கும் நடைத்தாளை (சிஎஸ்எஸ்) மாற்றினால் பக்கமே வேறாகிவிடும்.

பதில் (முத்தியால்பேட்டை):
நிறத்துக்கு இணையம் எதற்கு? சூளையிலிருந்து இறக்கிய பானையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அந்தச் செம்மண் நிறத்தின் குறியீட்டை எடுங்கள். எழுத்துருவைக் கைப்பேசியில் சோதியுங்கள். மெலிந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி தெரிவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாதிரியைச் சித்தப்பாவிடம் காட்டினேன். "குதிரை நன்றாக இருக்கிறது. தொலைபேசி எண்ணை அதைவிடப் பெரிதாகப் போடு" என்கிறார்.