தேநீர் வேளையின் அந்தச் சில நிமிடங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, அங்கேயே சிகரெட்டை விட்டவன் நான். விட்ட பிறகு ஏக்கம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்கவில்லை. காலைக் காபி, பதினொரு மணித் தேநீர், மதியச் சாப்பாடு, மாலையில் வீடு திரும்பக் காத்திருக்கும் நேரம் என்று குறிப்பிட்ட சில வேளைகளில்தான் அது வந்து நின்றது. வந்தாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொண்டேன்.

முதலில் டீக்கடைக்காரரிடம் பேசினேன். கேட்காமலேயே டீயுடன் சிகரெட்டையும் நீட்டும் அளவுக்குப் பழக்கமானவர் அவர். "அண்ணே, இனிமே டீ மட்டும் போதும், நானே கேட்டாலும் சிகரெட் குடுக்காதீங்க" என்றேன். அன்று முதல் அவர் கடலை மிட்டாயை எடுத்து வைத்தார். நெருப்புக் கயிறு தொங்கும் பக்கம் நிற்காமல் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் அருந்தி, நிற்காமல் தொழிற்சாலை வாசல் வரை நடந்துவிடுவேன். மன உறுதியைவிட அந்தப் பெஞ்சும் நடையும்தான் எனக்கு அதிகம் உதவின என்று நம்புகிறேன்.

காபியைப் பற்றி மருத்துவர் சொன்ன ஒரு செய்தி பலருக்குத் தெரிந்திருக்காது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, கஃபீனை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமாகக் குடிக்கும் அதே ஃபில்டர் காபி உடலில் நெடுநேரம் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தருகிறது. இதை அறியாதவர்கள் அந்தப் படபடப்பு முழுவதும் சிகரெட் இல்லாததால்தான் வருகிறது என்று எண்ணி மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். நான் காபியைப் பாதியாகக் குறைத்து, பிற்பகலில் மோருக்கு மாறினேன்.

சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மென்றுகொண்டிருந்த சக ஊழியர் ஒருவர், அது நெஞ்சைக் கரிப்பதாகச் சொல்லி விட்டுவிட்டார். மெதுவாக மென்று, காரச் சுவை தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, சுவை மங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் எங்களுக்கு விளக்கினார். காபி, டீ, பழச்சாறு குடித்தால் நிக்கோட்டின் சரியாக உறிஞ்சப்படாது என்பதால், மெல்வதற்கு முந்தைய 15 நிமிடங்களிலும் மெல்லும்போதும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. வேறொருவர் சிகரெட்டுக்குப் பதிலாகப் பாக்குப் போடத் தொடங்கினார்; பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லி, அவர் சட்டைப் பையில் கிராம்பையும் ஏலக்காயையும் போட்டு அனுப்பினோம்.

மாலையில் சாலையோரக் கடைகளைத் தவிர்த்து, நேரே பட்டரைவாக்கம் ரயில் நிலையத்துக்குப் போய்விடுவேன். பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள தடை, நடைமேடையில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

சிகரெட் பெட்டிகளில் 2018 முதல் அச்சிடப்பட்டுவரும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைத்தேன். அங்கே பேசிய ஆலோசகர், விடும் தேதியை முன்கூட்டியே குறித்து, அதை வீட்டாரிடம் சொல்லச் சொன்னார். முதல் சில நாட்களில் எரிச்சலும் கோபமும் உச்சத்தில் இருக்கும், பிறகு சில வாரங்களில் குறைந்துவிடும் என்று மனைவிக்குத் தெரிந்திருந்ததால், நான் சிடுசிடுத்த வேளைகளை அவர் பெரிதுபடுத்தவில்லை.

எங்கள் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் தம்பி ஒருவர் இப்போது விட முயல்கிறார். விடியற்காலை மூன்று மணித் தூக்கக் கலக்கத்தைச் சிகரெட் இல்லாமல் சமாளித்தவர்கள் தங்கள் வழியைச் சொன்னால், அதை அவரிடம் அப்படியே சேர்த்துவிடுகிறேன்.